இனாமாக வந்த 67 ஆட்டங்கள்

சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு நாள் மாலை என் அக்காள் மகன் என்னைத் தேடி வந்தான். பதினோராம் வகுப்பில் சேர்ந்து அவனுக்கு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. முகத்தில் கலக்கம் தெரிந்தது.

“மாமா, ஒரு கோப்பு முழுதாக அப்படியே இருக்கிறது. ஓர் எழுத்துக்கூட அழியவில்லை. ஆனாலும் திறக்க மாட்டேன் என்கிறது. இது எப்படி?” என்று கேட்டான்.

விசாரித்த பிறகு செய்தி விளங்கிற்று. அவன் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது வீட்டில் ஒரு வீடியோ விளையாட்டுக் கருவி வாங்கினார்கள். கடைகளில் ‘கன்சோல்’ என்று சொல்வார்களே, அதுதான். அத்துடன் ஆண்டுச் சந்தா ஒன்றும் கட்டினார்கள். சந்தா கட்டியவர்களுக்கு மாதந்தோறும் இரண்டு மூன்று ஆட்டங்கள் இலவசம். பையன் ஒரு மாதமும் தவறாமல் அவற்றைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டே வந்தான். இரண்டு ஆண்டுகளில் 67 ஆட்டங்கள் சேர்ந்துவிட்டன. அவற்றுள் 11 கருவியிலேயே இறக்கி வைக்கப்பட்டிருந்தன. சந்தா முடிந்த மறுநாள் காலையில் அந்தப் பதினொன்றின் மேலும் சிறிய பூட்டுப் படம் விழுந்திருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடியும் வரை சந்தாப் பேச்சே கூடாது என்பது அவன் தந்தையின் கட்டளை.

“தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். சும்மா வந்தது, சும்மா போயிற்று. விட்டுத் தள்ளு” என்றாள் என் அக்காள்.

பையன் விடவில்லை. “அவை என்னுடையவையா, இல்லையா? இன்னும் ஓர் ஆண்டுக்குப் பணம் கேட்டு அப்பாவிடம் நிற்பது நியாயமா, இல்லையா? இரண்டையும் நீங்களே சொல்லுங்கள்” என்றான்.

இரண்டும் நல்ல கேள்விகள். முதலாவதில் கொஞ்சம் இயற்பியலும் கொஞ்சம் கணிதமும் இருக்கின்றன. இரண்டாவது முழுக்க முழுக்கக் கணக்கு. உங்களுள் சிலர் வீட்டிலும் இதே வழக்கு நடந்துகொண்டிருக்கலாம். ஆகவே அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

பூட்டும் சாவியும்

இன்று ஓர் ஆட்டத்தின் கோப்பு 50 கிகாபைட்டு அளவில் இருப்பது சாதாரணம். ஒரு பைட்டுக்கு 8 பிட்டுகள். எனவே 50 கிகாபைட்டு என்பது 40,000 கோடி பிட்டுகள். அதாவது 0, 1 என்னும் இலக்கங்கள் 40,000 கோடி. (1985ஆம் ஆண்டில் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ ஆட்டம் வெறும் 40 கிலோபைட்டில் அடங்கிவிட்டது. இன்றைய ஒரே ஆட்டத்தின் இடத்தில் அதுபோன்ற பன்னிரண்டரை லட்சம் ஆட்டங்களை வைக்கலாம்!) விநாடிக்கு 4 கோடி பிட்டுகள் வரும் இணைய இணைப்பில் இந்தக் கோப்பு இறங்குவதற்கு 10,000 விநாடிகள், ஏறத்தாழ 2 மணி 47 நிமிடங்கள், பிடிக்கும்.

இப்படி வந்த பிட்டுகள் எங்கே தங்குகின்றன? புதிய கருவிகளில் திண்மநிலைச் சேமிப்பகம் என்னும் சில்லுகளில் தங்குகின்றன. மின்காப்புப் பொருளால் சுவர் எழுப்பி, அதற்குள் எலெக்ட்ரான்களைச் சிறை வைப்பதுதான் அதன் தத்துவம். மின்சாரத்தை நிறுத்தினாலும் சிறைப்பட்ட எலெக்ட்ரான்கள் வெளியே ஓடிவிடுவதில்லை. ஆகவே சந்தா முடிந்த இரவில் அந்தக் கோப்பில் ஒரு பிட்டுக்கூட மாறவில்லை என்று பையன் சொன்னது முற்றிலும் சரி.

ஆனால் அந்தக் கோப்பு முதலிலேயே மறையீடு செய்யப்பட்ட வடிவில்தான் வீட்டுக்கு வந்தது. மறையீடு என்றால் என்ன? ஒரு சிறு எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். ஆட்டத்தின் ஒரு துண்டு 1011 என்று வைத்துக்கொள்ளுங்கள். சாவி 0110. ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, மேலும் கீழும் ஒரே இலக்கம் இருந்தால் 0 என்றும், வேறு வேறாக இருந்தால் 1 என்றும் போடுங்கள். 1101 என்று வரும். சேமிப்பகத்தில் இருப்பது இந்த 1101தான். இதைப் பார்த்தவருக்கு ஒன்றும் விளங்காது. இதன் கீழே மறுபடி அதே 0110 சாவியை எழுதி, அதே விதியைப் பின்பற்றிப் பாருங்கள். 1011 திரும்பிவிடும். ஒரே சாவி பூட்டவும் திறக்கவும் உதவுகிறது.

நடைமுறையில் உள்ள முறைகள் இதைவிடப் பன்மடங்கு சிக்கலானவை. 2001ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு தரமுறையாக ஏற்றுக்கொண்ட ஏ.இ.எஸ். என்னும் முறை இன்று உலகெங்கும் பரவலாக வழங்குகிறது. அதன் மிகச் சிறிய சாவியிலேயே 128 பிட்டுகள் உண்டு. இருக்கக்கூடிய சாவிகளின் எண்ணிக்கை 2-இன் அடுக்கு 128. அதாவது ஏறத்தாழ 34க்குப் பின்னால் 37 சுழிகள் போட்டால் வரும் எண். விநாடிக்கு ஒரு லட்சம் கோடி சாவிகளைச் சோதிக்கும் எந்திரம் ஒன்று இருந்தாலும், எல்லாவற்றையும் சோதித்து முடிக்க இப்பேரண்டத்தின் வயதைப்போல் சுமார் 78 கோடி மடங்கு காலம் ஆகும். யூகித்துத் திறப்பது நடவாத காரியம்.

எனவே ஆட்டத்தை ஓட்ட வேண்டுமானால் உரிமச் சீட்டு ஒன்று வேண்டும். மிகச் சிறிய கோப்புதான் அது. ‘இந்தக் கணக்குக்கு உரியவர் இந்த ஆட்டத்தை இந்த நாள் வரை திறக்கலாம்’ என்பதே அதன் சாரம். காசு கொடுத்து வாங்கிய ஆட்டத்தின் சீட்டில் முடிவு நாள் இராது. சந்தாவோடு வந்த ஆட்டத்தின் சீட்டில் இருக்கும். அந்த நாள் கடந்ததும் கருவி தன்னுள் இருக்கும் கோப்பைத் தானே திறக்க மறுக்கிறது. உங்கள் வீட்டில், உங்கள் மின்சாரத்தில், உங்கள் சேமிப்பகத்தில் 50 கிகாபைட்டு இடத்தை அடைத்துக்கொண்டு இருந்தாலும், சாவி மட்டும் வாடகை. அவனுடைய முதல் கேள்விக்கு விடை இதுதான். அவை அவனுடையவை அல்ல. என்றுமே அவனுடையவையாக இருந்ததும் இல்லை.

முப்பது ஆண்டுகளுக்கு முன்

இந்த ஏற்பாடு ஏதோ இன்றைய இணையத்தின் கண்டுபிடிப்பு என்று எண்ணிவிட வேண்டா. 1994ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் ஜப்பானின் செகா நிறுவனம் ‘செகா சானல்’ என்னும் சேவையைத் தொடங்கிற்று. வீட்டுக்கு வரும் கேபிள் டி.வி. கம்பியை ஒரு தனி இணைப்புப் பெட்டியில் மாட்டி, அந்தப் பெட்டியை ‘ஜெனிசிஸ்’ என்னும் விளையாட்டுக் கருவியின் தலையில் செருகினால் போதும். மாதம் சுமார் 15 டாலர் சந்தாவுக்கு 50 ஆட்டங்கள் வரை ஆடலாம்.

அந்தப் பெட்டிக்குள் 4 மெகாபைட்டு டிரேம் நினைவகம் இருந்தது. டிரேம் நினைவகத்தின் இயல்பை உங்கள் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் வரும் மின்தேக்கியைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு பிட்டும் ஒரு மிகச் சிறிய மின்தேக்கியில் உள்ள மின்னூட்டம். மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஆனால் அந்த மின்தேக்கி ஓட்டைக் குடம் போன்றது. மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே விநாடிக்குப் பலமுறை படித்துப் பார்த்துத் திரும்பத் திரும்ப நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கருவியை அணைத்தால் நிரப்புவது நின்றுவிடும்; ஆட்டமும் போய்விடும். அடுத்த முறை ஆட வேண்டுமானால் மறுபடி கம்பி வழியே இறக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

1998ஆம் ஆண்டில் அந்தச் சேவை மூடப்பட்டது. அதனால் யாரும் ஏமாந்ததாக எண்ணவில்லை என்றே நினைக்கிறேன். ஒவ்வோர் இரவும் கருவியை அணைக்கும்போது ஆட்டம் மறைவதைக் கண்ணால் பார்த்துப் பழகியவர்கள் அல்லவா? அங்கே தற்காலிகம் என்பது பொருளின் இயல்பிலேயே இருந்தது. இன்றோ பொருள் நிலைத்திருக்கிறது. உரிமை மட்டும் கசிகிறது. கண்ணுக்குத் தெரியாத கசிவு என்பதால்தான் என் அக்காள் மகன் திடுக்கிட்டான்.

கொடுப்பவருக்கு என்ன ஆதாயம்?

ஓர் ஆட்டத்தை உருவாக்கப் பெருஞ்செலவு ஆகிறது. ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ், பாகம் 2’ என்னும் ஆட்டத்துக்குச் சுமார் 22 கோடி டாலர் செலவாயிற்று என்பது 2023ஆம் ஆண்டில் அமெரிக்க நீதிமன்ற வழக்கொன்றில் தாக்கலான ஆவணத்தால் வெளியே தெரிந்தது. ஆனால் இந்த 22 கோடியும் முதற்பிரதிக்கு ஆகும் செலவு. இரண்டாம் பிரதிக்கு? கோப்பைக் கம்பி வழியே அனுப்பும் சில்லறைச் செலவு மட்டுமே. பத்து லட்சமாவது பிரதிக்கும் அப்படியே. மாம்பழ வியாபாரி ஒரு பழத்தை இனாமாகக் கொடுத்தால் அவர் கூடையில் ஒரு பழம் குறையும். இங்கே கூடை குறைவதே இல்லை.

வெளிவந்த புதிதில் ஆட்டங்கள் மளமளவென்று விற்கின்றன. வாங்க வேண்டியவர்கள் எல்லாரும் வாங்கி முடித்த பிறகு விற்பனை தேய்ந்துவிடுகிறது. அந்த நிலையில் சேவை நிறுவனம் ஒரு தொகையைக் கையில் கொடுத்து, ‘உங்கள் ஆட்டத்தைச் சந்தாதாரர்களுக்கு ஒரு மாதம் இலவசமாகக் கொடுக்கிறோம்’ என்றால் ஆட்டத்தை உருவாக்கியவர்களுக்கு அது வந்த லாபம். இந்தத் தொகைகள் பெரும்பாலும் ரகசியமானவை. ஒரு முறை திரை கொஞ்சம் விலகிற்று. கணினி விளையாட்டுகளை விற்கும் எபிக் நிறுவனத்தின் கடை, சந்தா எதுவும் இல்லாமலே, 2018 டிசம்பர் முதல் இலவச ஆட்டங்களை வழங்கி வந்தது. 2021ஆம் ஆண்டில் எபிக்கும் ஆப்பிளும் வழக்காடியபோது அதன் கணக்குகள் வெளியாயின. முதல் ஒன்பது மாதங்களில் 38 ஆட்டங்களுக்காக எபிக் கொடுத்தது சுமார் 1 கோடியே 16 லட்சம் டாலர். அதனால் கடைக்கு வந்து சேர்ந்த புதியவர்கள் சுமார் 49 லட்சம் பேர். வகுத்துப் பாருங்கள்: ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க 2 டாலர் 37 சென்ட். விளம்பரச் செலவாகப் பார்த்தால் மிக மலிவு!

கன்சோல் சந்தாவுக்கு உரிய கணக்கு இதிலிருந்து சற்று வேறுபடலாம். ஆனாலும் இலவச ஆட்டம் ஒரு தூண்டில் இரை என்பதில் வேறுபாடு இல்லை.

இன்னொரு வகை ஆட்டமும் உண்டு. அதற்குப் பணத்தைவிடக் கூட்டமே முதல் தேவை. 2020 ஆகஸ்டில் ‘ஃபால் கைஸ்’ என்னும் ஆட்டம் வெளிவந்த அன்றே சோனியின் ‘பிளேஸ்டேஷன் பிளஸ்’ சந்தாவில் இலவசமாக வந்தது. அதில் அப்போது ஒரு போட்டிக்கு 60 பேர் வரை வேண்டியிருந்தது. கூட்டம் இல்லாவிட்டால் ஆட்டமே தொடங்காது. ஊரில் முதன்முதலாகத் தொலைபேசி வாங்கியவரின் கதைதான். அவர் யாரிடம் பேசுவார்? இலவசமாகக் கொடுத்ததால் முதல் நாளிலேயே கூட்டம் சேர்ந்தது. இலவசமாக வந்த ஆட்டங்களுள் மிக அதிகமானோர் இறக்கிக்கொண்டது அதுவே என்று அந்த மாதமே சோனி அறிவித்தது. 2015 ஜூலையில் வெளிவந்த ‘ராக்கெட் லீக்’ ஆட்டமும் இதே வழியில் புகழ் பெற்றதுதான். வேடிக்கை என்னவென்றால், ராக்கெட் லீக் 2020ஆம் ஆண்டிலும் ஃபால் கைஸ் 2022ஆம் ஆண்டிலும் சந்தா இல்லாதவர்களுக்கும் இலவசமாகிவிட்டன.

வாக்குறுதிகளின் வரலாறு

இலவசம் என்னும் சொல் ஒன்றே ஆயினும், ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு காலத்திலும் அதற்கு வெவ்வேறு பொருள் கொடுத்திருக்கிறது. நான் எடுத்து வைத்த குறிப்புகளிலிருந்து சிலவற்றைத் தருகிறேன்.

பிளேஸ்டேஷன் பிளஸ் 2010 ஜூனில் தொடங்கியபோது அமெரிக்காவில் ஆண்டுச் சந்தா 49.99 டாலர். அப்போதைய பிளேஸ்டேஷன் 3 கருவியில் சந்தா இல்லாமலே நண்பர்களோடு இணையத்தில் ஆட முடிந்தது. ஆகவே சந்தா கட்ட வைக்க ஏதேனும் பண்டம் காட்ட வேண்டியிருந்தது; இலவச ஆட்டங்கள் அந்தப் பண்டம். 2013 நவம்பரில் பிளேஸ்டேஷன் 4 வந்தது. விலை கொடுத்து வாங்கிய ஆட்டங்களை இணையத்தில் பிறரோடு ஆட, பெரும்பாலும் சந்தா கட்டாயமாயிற்று. இந்த மாறுதலைக் கவனியுங்கள். முன்பு சந்தாவே ஆட்டங்களுக்காக. பின்பு சந்தா வாயிற்கட்டணம், ஆட்டங்கள் உள்ளே கொடுக்கும் சுண்டல். ஆண்டுச் சந்தா 2016 செப்டம்பரில் 59.99 டாலராகவும், 2023 செப்டம்பரில் 79.99 டாலராகவும் உயர்ந்தது. 2019 மார்ச்சில் பிளேஸ்டேஷன் 3 கருவிக்கான ஆட்டங்கள் இலவசப் பட்டியலிலிருந்து நின்றன. பழைய கருவி வைத்திருந்தவர்களுக்குச் சுண்டலும் போயிற்று.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2013 ஜூலையில் தன் எக்ஸ்பாக்ஸ் சந்தாதாரர்களுக்கு இலவச ஆட்டங்களைத் தரத் தொடங்கிற்று. அங்கே ஒரு நல்ல வழக்கம் இருந்தது. எக்ஸ்பாக்ஸ் 360 கருவிக்கான ஆட்டங்களைக் கணக்கில் சேர்த்துக்கொண்டால், சந்தா நின்ற பிறகும் அவை சேர்த்தவருக்கே சொந்தம். அடுத்துவந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவிக்கான ஆட்டங்களுக்கோ சந்தா உயிரோடு இருக்க வேண்டும். ஒரே நிறுவனம், ஒரே சந்தா, ஒரே மாதம். ஆனால் ஓர் ஆட்டம் தானம், மற்றோர் ஆட்டம் வாடகை! 2022 அக்டோபர் முதல் 360 ஆட்டங்கள் நின்றன. 2023 செப்டம்பரில் மாதாந்தர இலவச ஆட்டங்களே நின்று, சுமார் 25 ஆட்டங்கள் அடங்கிய பொதுப் பட்டியல் ஒன்று அவற்றின் இடத்துக்கு வந்தது.

பட்டியல் முறை வேறு வகை. அது வாடகை நூல்நிலையம் போன்றது. இன்று அலமாரியில் இருக்கும் ஆட்டம் அடுத்த மாதம் இல்லாமல் போகலாம். மாதாந்தர இலவச ஆட்டத்திலோ, நீங்கள் ஒருமுறை கணக்கில் சேர்த்துவிட்டால் சந்தா உள்ளவரை உங்களுக்கு உண்டு. சந்தா நின்று மறுபடி கட்டினால் மறுபடி திறக்கும். இந்தக் கடைசி விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

இத்தகைய மயக்கங்கள் விலை கொடுத்து வாங்குவதிலும் உண்டு. அதனால்தான் கலிபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. வெறும் உரிமத்தை மட்டும் கொடுக்கும் வணிகர், அதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்குங்கள்’ என்னும் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது அச்சட்டம்.

கூட்டலில் ஒரு பிழை

இனி இரண்டாம் கேள்விக்கு வருவோம். பையன் ஏற்கெனவே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தான். 67 ஆட்டங்களின் கடை விலையையும் கூட்டி, கட்டிய சந்தாவோடு ஒப்பிட்டிருந்தான். சந்தாவைப் போல் பல மடங்கு லாபம் என்று வந்தது. கூட்டலில் பிழை இல்லை. கூட்டிய எண்களில்தான் பிழை.

கடை விலை என்பது, அந்த ஆட்டத்தை விரும்பி வாங்குபவர் கொடுக்கும் விலை. நீங்கள் அதை வாங்கியிருப்பீர்களா? எவ்வளவு கொடுத்திருப்பீர்கள்? அதைத் திறந்தேனும் பார்ப்பீர்களா? அமெரிக்க விலையையே எடுத்துக்கொண்டு ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். மாதம் 3 ஆட்டம், ஆண்டுக்கு 36. ஒவ்வொன்றும் கடையில் 20 டாலர் என்றால் மொத்தம் 720 டாலர். 80 டாலருக்கு 720 டாலர் பொருள்! இது விளம்பரக் கணக்கு. இப்போது உங்கள் கணக்கு. ஓர் ஆட்டத்துக்கு நீங்கள் மனமொப்பிக் கொடுக்கக்கூடியது 6 டாலர் என்றும், நீங்கள் அதை உண்மையில் ஆடுவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று என்றும் கொள்வோம். நிகழ்தகவில் எதிர்பார்ப்பு மதிப்பு காண்பது போல இரண்டையும் பெருக்குங்கள்: ஒன்றரை டாலர். 36 ஆட்டங்களுக்கு 54 டாலர். 80 கொடுத்து 54 பெற்றது நட்டம். வாய்ப்பு நான்கில் ஒன்றாக இல்லாமல் இரண்டில் ஒன்றாக இருந்தால் 108 டாலர், அது லாபம். ஆட்டங்கள் மாறவில்லை, விலை மாறவில்லை. ஆடுபவர் மாறினார், விடை மாறிவிட்டது.

காலத்தையும் அளந்து பாருங்கள். அக்காள் வீட்டில் சனி, ஞாயிறு இரு நாளும் இரண்டிரண்டு மணி நேரம் ஆட அனுமதி. ஆண்டுக்கு 208 மணி. ஓர் ஆட்டத்தை முடிக்கச் சராசரி 15 மணி என்று தாராளமாகக் குறைத்து வைத்தாலும், வேறு எதையும் தொடாமல் ஆடினால் ஆண்டுக்கு 14 ஆட்டங்களுக்கு மேல் இயலாது. (2016ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த ‘பெர்சோனா 5’ போன்றவை ஒன்றே நூறு மணியை விழுங்கும்.) முப்பத்துநான்கு ஆட்டங்கள் வந்தால் என்ன, முந்நூறு வந்தால் என்ன? குடம் ஒன்று, அதற்கு மேல் ஊற்றுவதெல்லாம் தரையில்தான் ஓடும்.

நான் ஒரு தாளைக் கொடுத்து, “சந்தாத் தொகை 100 என்று வைத்துக்கொள். நீ ஆடிய ஒவ்வோர் ஆட்டத்துக்கும், கடையில் இருந்திருந்தால் உன் உண்டியலிலிருந்து எவ்வளவு கொடுத்திருப்பாய் என்று எழுது. என்னைத் திருப்திப்படுத்த எழுதாதே” என்றேன்.

முதல் ஆண்டில் வந்தவை 34. திறந்து பார்த்தவை 9. அவற்றுள் ஐந்தை ஒரு மணி நேரத்துக்குள் மூடிவிட்டான். மீதி நான்குக்கு 30, 20, 6, 5 என்று எழுதினான். மொத்தம் 61. நூறு கொடுத்து அறுபத்தொன்று. நட்டம் என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். ஏனெனில் அவன் சந்தா கட்டியதே இலவச ஆட்டங்களுக்காக அல்ல. வகுப்புத் தோழர்கள் நால்வரோடு இணையத்தில் கால்பந்து ஆட. அதற்கு எவ்வளவு கொடுப்பாய் என்றேன். சிறிதும் தயங்காமல் 70 என்றான். 70உம் 61உம் 131. நூறு கொடுத்தது வீணில்லை. இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். கால்பந்துக்கே 70 போய்விட்டது என்றால் இலவச ஆட்டங்களுக்கு உண்மையில் அவன் கொடுத்தது 30, பெற்றது 61.

இரண்டாம் ஆண்டில் கதை வேறு. பத்தாம் வகுப்பு. தோழர்கள் தனிப்பயிற்சிக்குப் போய்விட்டார்கள். கால்பந்து நின்றது. வந்த 33 ஆட்டங்களில் திறந்தவை நான்கு. எழுதிய எண்களின் கூட்டல் 35. நூறுக்கு முப்பத்தைந்து. ஒரே பையன், ஒரே கருவி, ஏறக்குறைய ஒரே அளவு இலவசம். முதல் ஆண்டு லாபம், மறு ஆண்டு நட்டம். ‘இலவச ஆட்டச் சந்தா பயனுள்ளதா?’ என்று யாரேனும் பொதுவாகக் கேட்டால் நான் ஏன் விடை சொல்ல மறுக்கிறேன் என்பது இப்போது உங்களுக்கு விளங்கும். யார் கேட்கிறார், எந்த ஆண்டில் கேட்கிறார் என்று தெரிய வேண்டும்.

வட்டு வடிவில் வாங்கும் ஆட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 40 டாலருக்கு வாங்கி, ஆடி முடித்து, 25 டாலருக்கு விற்றால் செலவு 15 டாலர்தான். நண்பனுக்கு இரவலும் கொடுக்கலாம். சந்தாவோடு வந்ததை விற்கவும் முடியாது, இரவல் கொடுக்கவும் முடியாது. ஆனால் நீங்களாகத் தேடி வாங்கவே மாட்டாத ஓர் அருமையான சிறிய ஆட்டம் சந்தா வழியாகக் கைக்கு வருவது உண்டு. பையன் 30 என்று மதிப்பிட்டது அப்படிப்பட்ட ஒன்றுதான். பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லையாம். இந்தப் பயனை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

கயிறு யார் கையில்?

“எல்லாம் சரி மாமா. இந்த ஆண்டு கட்டாவிட்டால் 67உம் போகுமே! இத்தனை நாள் சேர்த்தது?” என்றான் கடைசியாக.

இந்த ஏற்பாட்டின் மிகக் கெட்டிக்காரத்தனமான பகுதி இதுதான். முதல் மாதத்தில் விலகுகிறவன் மூன்று ஆட்டங்களை இழக்கிறான். இரண்டாண்டு கழித்து விலகுகிறவன் 67ஐ இழக்கிறான். ஐந்தாண்டு கழித்து? நாள் ஆக ஆகக் கட்டு இறுகுகிறது. அக்காள் சொன்ன பழமொழி இங்கே பொருந்தாது. தானமாக வந்த மாடானால் கயிறும் நம் கைக்கு வந்திருக்க வேண்டும். இந்த மாடு நம் தொழுவத்தில் நிற்கிறது, நம் வைக்கோலைத் தின்கிறது. கயிறு கொடுத்தவர் கையிலேயே இருக்கிறது.

ஆனால் இழப்பை எண்ணிக்கையால் அளக்கக் கூடாது. இரண்டாண்டுச் சந்தா, உராய்வில் வெப்பமாகச் சிதறிவிட்ட ஆற்றல் போன்றது. அடுத்து என்ன செய்தாலும் அது திரும்ப வராது. ஆகவே அதைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டா. வரும் ஆண்டில் இந்த 67இல் எத்தனையை ஆடுவாய்? அதற்கு எவ்வளவு தருவாய்? கேள்வி அவ்வளவே.

அவன் வெகு நேரம் யோசித்தான். “ஒன்றே ஒன்று. பாதியில் நிற்கிறது. முடிக்க வேண்டும்” என்றான்.

ஒன்றுக்காக ஓராண்டுச் சந்தா எதற்கு? மாதச் சந்தாவும் உண்டே. 2023ஆம் ஆண்டின் அமெரிக்க விலையில் ஒரு மாதத்துக்கு 9.99 டாலர், பன்னிரண்டு மாதம் தனித்தனியே கட்டினால் ஆண்டுச் சந்தாவைப் போல் ஒன்றரை மடங்கு ஆகும் என்பது உண்மைதான். ஆனால் ஒரே ஒரு மாதம் கட்டினால் அது ஆண்டுச் சந்தாவில் எட்டில் ஒரு பங்கு. நான் முன்னே நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன விதி இங்கேதான் உதவுகிறது.

இந்த ஆண்டு மே மாதம், பதினோராம் வகுப்புத் தேர்வு முடிந்து விடுமுறை விட்டதும், அவன் தன் பணத்தில் ஒரு மாதச் சந்தா கட்டினான். புதிதாக ஒன்றும் இறக்க வேண்டியிருக்கவில்லை. ஓராண்டாகச் சும்மா கிடந்த அதே 40,000 கோடி பிட்டுகள். புதிய உரிமச் சீட்டு ஒன்று வந்தது. பூட்டுப் படம் மறைந்தது. ஆட்டம் விட்ட இடத்திலிருந்து தொடங்கிற்று. பதினெட்டு நாளில் முடித்துவிட்டான்.

அந்த மாதத்து இலவச ஆட்டங்களை என்ன செய்தாய் என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான். மூன்றையும் கணக்கில் சேர்த்துக்கொண்டானாம். ஆக மொத்தம் 70.